அப்ஸ்காண்டட் என்று எழுதுவதற்கு முன்

சென்னை அரசு மருத்துவமனைகளின் புற்றுநோய் வார்டுகளில் வேலை செய்யும் டாக்டர்கள், செவிலியர்கள், வார்டு ஆயாக்கள், ஊழியர்கள் எல்லோருக்கும்,



வடசென்னையில் வீடில்லாத ஆண்கள் தங்கும் காப்பகம் ஒன்றுக்கு நான் பொறுப்பாளர். பதினோரு வருடமாக இதே வேலை. உங்களில் சிலருக்கு என் முகம் தெரிந்திருக்கும். காலையில் ஓ.பி. சீட்டு வரிசையில், தாடி வளர்ந்த யாராவது ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பைலோடு நிற்பவள் நான்தான். "பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்பீர்கள். "காப்பகத்துலேர்ந்து வரேன் சிஸ்டர்" என்பேன். அடுத்த கேள்வி என்னவென்று எனக்கு மனப்பாடம். "சொந்தக்காரங்கன்னு யாரும் இல்லையா?"

உங்களோடு சண்டை போட இதை எழுதவில்லை. ஒரே சிஸ்டர் இரண்டு வார்டுக்கு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். சாப்பிடப் போன டாக்டரைப் பாதி இட்லியில் கூப்பிட்டுக்கொண்டு வந்ததையும் பார்த்திருக்கிறேன். உங்களிடம் நான் பேச வந்தது ஒரே ஒரு வார்த்தையைப் பற்றி.

ஒரு கேஸ் ஷீட்டின் கடைசிப் பக்கத்தில் அதைப் பார்த்தேன். சிவப்பு மையில் தேதி, பக்கத்தில் நேரம், இரவு 2.40. அதற்குக் கீழே 'அப்ஸ்காண்டட்'. சொல்லாமல் ஓடிப்போனார் என்று அர்த்தம். அப்படி எழுதப்பட்ட மனிதர் எட்டு மாதமாக எனக்குத் தெரிந்தவர்.

அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பாரிமுனைப் பக்கம் பேப்பர் கடைகளுக்கும் இரும்புக் கடைகளுக்கும் மீன்பாடி வண்டியில் லோடு அடிப்பார். வண்டி வாடகைக்கு எடுத்தது. பகலில் அதில் சரக்கு, ராத்திரி அதிலேயே படுக்கை. விடியற்காலை நாலு மணிக்கு லோடு ஏற்ற எழுந்துகொள்ள வேண்டும். "குடிக்கலன்னா தூக்கம் வராதும்மா. தூங்கலன்னா மூட்டை தூக்க முடியாது. மூட்டை தூக்கலன்னா துட்டு இல்ல" என்று ஒருமுறை சொன்னார். பகலெல்லாம் வாயில் மாவா. சீவலும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்து, சின்ன கவரில் போட்டு விற்பார்களே, அது. பசியை அடக்கும், அலுப்புத் தெரியாது என்பார். பதினைந்து பதினாறு வயதில் ஆரம்பித்த பழக்கம்.

அவருக்கு உடம்பு சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது ஒரு பன்னால்தான். சாயங்காலம் டீயும் பன்னும் கொடுத்தபோது பன்னைப் பிய்த்துப் பிய்த்து டீயில் கரைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கச் சொன்னேன். இரண்டு விரல்கூட நுழையவில்லை. கொடுப்பில் புண் வந்து ஆறு மாதமாம். முதலில் மருந்துக் கடையில் வாங்கிய ஜெல்லைத் தடவியிருக்கிறார், பிறகு கிராம்பு வைத்திருக்கிறார். அதற்கும் அடங்காதபோது பஞ்சைப் பிராந்தியில் நனைத்து வைத்திருக்கிறார். "எரியும், அப்பால மரத்துப்பூடும்" என்றார். கழுத்தில் அப்போதே எலுமிச்சை அளவுக்கு நெறி கட்டியிருந்தது.

பையாப்சி முடிவு வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். வீடும் வாசலும் உள்ளவர்கள் இந்த இடத்தில் "பிழைப்பேனா?" என்று கேட்பார்கள். அவர் கேட்டது, "அட்மிஷன் போட்டா வண்டிய யாரும்மா பாத்துப்பாங்க?" வண்டி காணாமல் போனால் முதலாளிக்குக் கடன். இடம் விட்டுப் போனால் அந்த இடத்தில் வேறொருவர் படுத்துவிடுவார். வீடில்லாதவர்கள் அட்மிஷன் என்றதும் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் கேஸ் ஷீட்டில் 'நாட் வில்லிங்' என்று எழுதப்படுவதில் பாதி, ஒரு வண்டியோ ஒரு மூட்டைத் துணியோ ஒரு நாயோதான்.

வாய் வழியாகச் சாப்பாடு இறங்காததால் மூக்கில் குழாய் போட்டார்கள். கையில் ஒரு தாளும் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கேழ்வரகுக் கஞ்சி, பருப்புத் தண்ணீர், முட்டை அடித்த பால். எல்லாம் வடிகட்டி, வெதுவெதுப்பாக. ஊற்றியபின் கொதித்து ஆறிய தண்ணீரை விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். நல்ல தாள்தான், அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அதில் எழுதியிருந்த ஒவ்வொரு வரிக்கும் ஒரு அடுப்பு வேண்டும். அவரிடம் இருந்தது ஒரு சிரிஞ்சும் ஒரு தண்ணீர் பாட்டிலும். அம்மா உணவகத்துச் சாம்பார் சாதத்தைப் பிசைந்து கரைத்து ஊற்றிப் பார்த்திருக்கிறார், குழாய் அடைத்துக்கொண்டது. எதிர் டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக் கொடுக்க ஆரம்பித்தார். சில நாள் அதுதான் மூன்று வேளையும்.

ஒரு சாயங்காலம் அவரைப் பார்க்கப் போனேன். வண்டியில் சாய்ந்து உட்கார்ந்து, பிஸ்டனைக் கழற்றிய சிரிஞ்சைக் குழாயில் செருகி, இடது கையால் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். வலது கையில் குவார்ட்டர் பாட்டில். அந்தக் கை நடுங்கி, பாட்டிலின் வாய் சிரிஞ்சின் விளிம்பில் டக்டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக ஊற்றினார். மஞ்சள் நிறம் குழாயில் இறங்கி மூக்குக்குள் போவது தெரிந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நடுத்தெருவில் நின்று கத்தினேன். அவர் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வலது கையை என் முன்னால் நீட்டினார். நடுக்கம் குறைந்திருந்தது. "நாக்குல கூட படலம்மா. ருசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆனா கை நிக்குது பாரு."

குடியைப் பற்றி நான் பதினோரு வருடத்தில் கேட்ட எல்லா விளக்கங்களையும்விட அந்தக் கை எனக்கு அதிகம் சொன்னது.

பிறகு ஒருவழியாக அட்மிஷன் கிடைத்தது. வண்டியை எங்கள் காப்பகத்துச் சுவரோரம் கொண்டுவந்து சங்கிலி போட்டுப் பூட்டினோம். அட்மிஷனில் "குடிப்பியா?" என்று கேட்டார்கள். "எப்பயாச்சும்" என்றார். வேறென்ன சொல்வார்? உண்மையைச் சொன்னால் படுக்கை போய்விடும் என்று பயம். முதல் நாள் நன்றாகத்தான் இருந்தார். இரண்டாம் நாள் வியர்த்துக் கொட்டியது, கை ஆடியது, எச்சில் துணியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் எறும்பு ஊர்கிறது, வண்டியை யாரோ இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று கத்தியிருக்கிறார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எரிந்து விழுந்தார்கள். கையைக் கட்டிலோடு கட்டுத் துணியால் கட்டினார்கள். கட்டை அவிழ்த்துக்கொண்டு, மூக்குக் குழாயோடு, வெறுங்காலில் வெளியே நடந்தார். இரவு 2.40.

டாஸ்மாக் திறப்பது பகல் பன்னிரண்டுக்கு. அதற்கு முன்பே ரோட்டோரம் வலிப்பு வந்து விழுந்து, மண்டையில் ஐந்து தையல். நான்கு நாள் கழித்து மறுபடி ஓ.பி.க்குக் கூட்டிப்போனேன். பைலைப் புரட்டினார்கள், சிவப்பு மையைப் பார்த்தார்கள். "அப்ஸ்காண்ட் ஆன கேஸும்மா இது. முதல்ல குடிய நிறுத்திட்டு வரச் சொல்லு. கூட அட்டெண்டர் இருக்கணும்."

சரி என்று போதை மறுவாழ்வு மையம் ஒன்றுக்குப் போனோம். மூக்கில் குழாய், கன்னத்தில் ஓட்டை விழப்போகும் புண், கழுத்தில் கட்டி. "இதெல்லாம் எங்களால பாத்துக்க முடியாது. கேன்சருக்குப் பாத்துட்டு அப்புறமா வாங்க" என்றார்கள்.

மூன்றாவது கதவு என்னுடையது. எங்கள் காப்பகத்தில் குடித்துவிட்டு வருபவரைச் சேர்ப்பதில்லை என்று விதி. அதோடு புண்ணிலிருந்து வரும் வாடை தாங்கவில்லை என்று மற்றவர்கள் முறையிட்டார்கள். "குடிக்காம வாங்கண்ணே, தாராளமா படுத்துக்கலாம்" என்று நான்தான் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எங்கள் சுவரோரம் நின்ற அந்த வண்டியிலேயே, கேட்டுக்கு வெளியே, ஒன்பது ராத்திரி படுத்திருந்தார். பத்தாம் நாள் வண்டியும் இல்லை, அவரும் இல்லை. ஐந்து மாதம் கழித்துப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. சட்டைப் பையில் என் நம்பர் இருந்ததாம். பிணவறையில் அடையாளம் காட்டினேன். அவருடைய பைல் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

ஆகவே இந்தக் கடிதத்தில் நான் உங்களைக் கேட்கும் எதையும் முதலில் என்னிடம் கேட்டுக்கொண்டுதான் கேட்கிறேன்.

குடியை நிறுத்திவிட்டு வா என்பதைப் போன வாரம்கூட ஒரு வார்டு வாசலில் கேட்டேன். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் நாள்பட்ட குடிகாரர் ஒருவர் யார் துணையும் மருந்தும் இல்லாமல் சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். சில மணி நேரத்திலேயே நடுக்கம், ஓரிரு நாளில் வலிப்பு, இரண்டு மூன்று நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும் புத்தி தடுமாறுவதும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். அதை அடக்கும் மாத்திரையும், தயமின் ஊசியும் உங்கள் மருந்தகத்திலேயே இருக்கின்றன. மனநலப் பிரிவு பெரிய மருத்துவமனைகளில் அதே வளாகத்தில் இருக்கிறது. அண்ணன் ஓடிய அந்த மூன்றாம் நாள் ராத்திரி, அட்மிஷன் போட்ட அன்றே யூகித்திருக்கக் கூடியது. அவருடைய புண்ணை அளந்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். கடைசியாக எப்போது குடித்தார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

குடிப்பியா என்று கேட்டால் குற்றவாளியிடம் கேட்பது போல இருக்கிறது, இல்லை என்றுதான் பதில் வரும். "கடைசியா எப்போ குடிச்சீங்க, ஒரு நாளைக்கு எவ்ளோ?" என்று கேட்டுப் பாருங்கள். சொன்னால் வெளியே அனுப்பமாட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லிவிடுவார்கள். இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன், 'வாங்க, போங்க' என்று பேசுங்கள். பிளாட்பாரத்தில் படுப்பவரை ஊரே 'டேய்' என்றுதான் கூப்பிடுகிறது. ஆஸ்பத்திரியில் ஒருவர் 'ஐயா' என்று கூப்பிட்டதற்காகவே மறுநாள் குளித்துவிட்டு வந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

குடிப்பவருக்குக் குடிக்கும் சேர்த்து வைத்தியம் பார்ப்பது கருணையால் செய்ய வேண்டிய காரியம் மட்டும் இல்லை. 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம், குடியாலும் போதைப் பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. ஆதரவற்றோருக்கும் வீடில்லாதோருக்கும் அரசு மருத்துவமனையில் அந்தச் சிகிச்சை இலவசம் என்று அதே சட்டத்தின் 18-ஆவது பிரிவு சொல்கிறது. வறுமைக்கோட்டு அட்டை கைவசம் இல்லாவிட்டாலும் கொடுக்க வேண்டும். அண்ணனுக்கு மறுவாழ்வு மையத்தின் கதவு சாத்தப்பட்டபோது இந்தச் சட்டம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கு அந்தப் படியிலிருந்து இறங்கியிருக்க மாட்டேன்.

அட்டெண்டர் விஷயத்துக்கு வருகிறேன். கையெழுத்துப் போட சொந்தக்காரர் வேண்டும் என்று எத்தனையோ ஆபரேஷன்கள் தள்ளிப்போகின்றன. வயதுவந்த, சுயநினைவோடு இருக்கும் நோயாளியின் உடம்புக்கு அவருடைய சம்மதம்தான் சம்மதம். 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. மயக்கத்தில் இருந்த வயதுவந்த பெண்ணுக்காக அவருடைய தாய் கொடுத்த சம்மதமே செல்லாது என்று தீர்ப்பு. அப்படியிருக்க, முப்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனையோ தம்பியையோ தேடிக் கண்டுபிடித்துக் கையெழுத்து வாங்கி வரச் சொல்வதில் என்ன அர்த்தம்? ரத்தம் வாங்கி வரவும் ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகவும் ஒரு ஆள் வேண்டும் என்பது வேறு விஷயம், அது நியாயமான தேவை. அதற்கு எங்களைக் கூப்பிடுங்கள். என்னைப் போன்றவர்களின் பெயரைத் துணையாள் என்று எழுதிக்கொள்ள ஒரு வழிமுறையை வகுத்துக் கொடுங்கள்.

ஆணைப் பற்றியே எழுதிக்கொண்டு போகிறேன். பூக்கடைப் பக்கம் ஒரு அம்மா இருந்தார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். நாள் முழுக்க ரத்தப்போக்கு. ஒவ்வொரு முறையும் கட்டணக் கழிப்பறைக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். ராத்திரி ஆண்கள் பக்கத்தில் வராமலிருக்கத்தான் குடிக்க ஆரம்பித்ததாகச் சொன்னார். குடித்தால் அவர் கத்துவார், கத்தினால் யாரும் நெருங்கமாட்டார்கள். இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவரிடம் போய் ஏன் குடிக்கிறாய் என்று நான் எப்படிக் கேட்பேன்?

மதுவைப் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்தது 1988-இல். பாக்கும் அந்தப் பட்டியலில் சேர்ந்து பல வருடமாகிவிட்டது. புகையிலையும் மதுவும் சேர்ந்தால் வாய்ப் புற்றுநோய் ஆபத்து தனித்தனியாக இருப்பதைவிடப் பல மடங்கு ஏறும். 2003 முதல் இந்த மாநிலத்தில் மதுவைச் சில்லறையில் விற்பது அரசின் டாஸ்மாக். குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013 முதல் தடை, ஆனால் பாரிமுனையில் மாவாவுக்கு நான் ஐந்து நிமிஷத்துக்கு மேல் தேட வேண்டியதில்லை. விற்பவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்போது, வாங்கியவரை மட்டும் வார்டு வாசலில் நிறுத்திக் கணக்குக் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமா என்றால் இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் வீடில்லாத 28,000 பேரை 2003 முதல் 2008 வரை தொடர்ந்து பார்த்து, 2013-இல் ஆய்வு ஒன்று வெளியிட்டார்கள். சாவுக்கான காரணங்களில் முதலிடம் போதை மருந்து அளவு மீறியது. இரண்டாமிடத்தில், அதை ஏறக்குறையத் தொட்டுக்கொண்டு, புற்றுநோய். கனடாவில் சில காப்பகங்கள் ஒரு படி மேலே போய், நாள்பட்ட குடிகாரர்களுக்கு மணிக்கணக்குப்படி அளந்து மது கொடுத்து, அவர்கள் உள்ளேயே தங்கிச் சிகிச்சை பெற வழி செய்தன. அதை இங்கே செய்யுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. குடிக்கும் ஆளையும் உள்ளே வைத்துக்கொண்டே வைத்தியம் பார்க்க முடியும் என்று ஓர் ஊர் செய்து காட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

நம்மிடமும் முன்னோடி உண்டு. 1930-களின் தொடக்கத்தில் ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவரேதான் 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு, குடிசைகளில், புற்றுநோய் மருத்துவமனையையும் தொடங்கினார். போக்கிடம் இல்லாதவருக்குக் கூரை, நோயாளிக்கு வைத்தியம், இரண்டும் அந்த அம்மாவுக்கு ஒரே வேலையாக இருந்தன. நமக்கு அவை இரண்டு துறைகள், இரண்டு கோப்புகள். லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுக்க, இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பின் வந்த மத்திய அரசின் விதி. அந்த விதிப்படி நடக்கும் காப்பகங்களில்கூட, புண்ணுக்குக் கட்டு மாற்ற ஒரு நர்ஸ் வாரம் ஒருமுறை வருவதில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் வந்தது. படுக்கையில் கிடப்பவர்களுக்கு வலி நிவாரணப் பராமரிப்பை வீட்டுக்கே கொண்டுபோகும் நல்ல திட்டம். அந்தத் திட்டத்தின் வண்டி தெருவுக்குள் வரும்போதெல்லாம் நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். கதவு எண் இல்லாதவர் பெயர் அந்தப் பட்டியலில் ஏறுவதற்கு ஒரு வழி செய்யுங்கள் என்று மேலிடத்துக்கு நீங்கள் எழுதினால் அதற்கு மதிப்பு உண்டு. நான் எழுதியவை போய்ச் சேர்ந்தனவா என்றே தெரியவில்லை.

வலியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். குடிகாரர் வலிக்கிறது என்றால் போதைக்குக் கேட்கிறார் என்று ஒரு சந்தேகம் எழுகிறது. மார்ஃபின் கொடுக்கத் தயக்கம். மருத்துவத் தேவைக்கு மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கத்தான் 2014-இல் போதைப்பொருள் சட்டத்தையே திருத்தினார்கள். பிளாட்பாரத்தில் இருப்பவர் கையில் ஒரு மாதத்து மாத்திரையைக் கொடுக்கப் பயமாக இருந்தால் அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. மூன்று நாளைக்கு மட்டும் கொடுங்கள், காப்பகத்தில் பூட்டி வைத்து வேளாவேளைக்கு நாங்கள் எடுத்துக் கொடுக்கிறோம். கன்னம் அழுகிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு வலி நிற்க வேறு வழி இல்லையென்றால், அவர் கால் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இத்தனையும் நடக்காத காரியம் என்று நினைக்காதீர்கள். நடந்துகொண்டிருக்கிறது, உங்களில் ஒருவரால்தான் நடந்தது.

இப்போது எங்கள் காப்பகத்தில் ஒரு ஐயா இருக்கிறார். பரோட்டா மாஸ்டராக இருந்தவர். அடுப்பையும் குடியையும் தவிர வேறு எதுவும் வாழ்க்கையில் நிலைக்கவில்லை என்பார். குரல்வளையில் கட்டி. அட்மிஷன் அன்று பயிற்சி டாக்டர் ஒரு பெண், சின்ன வயசுதான், கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். "ஐயா, கடைசியா எப்ப குடிச்சீங்க?" அவர் என்னைப் பார்த்தார், பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். "காலைல. இங்க வர்றதுக்கு முன்னாடி. பயமா இருந்துச்சு" என்றார். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. நேரத்தை எழுதிக்கொண்டார். மனநலப் பிரிவுக்கு அன்றே போன் போட்டார். நடுக்கம் ஆரம்பிக்கும் முன்பே மாத்திரை ஆரம்பித்தது. இரவு டியூட்டி சிஸ்டர் கட்டிலைத் தன் மேஜைக்கு நேரெதிரே மாற்றிப் போட்டார். ஐயாவின் பையையும் கரண்டியையும் எங்கள் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அவர் கழுத்திலேயே கயிற்றில் மாட்டிவிட்டேன். மூன்றாம் நாள் ராத்திரி நான் தூங்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் போனபோது அவர் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

எங்கள் விதியையும் மாற்றிவிட்டோம். ஆஸ்பத்திரி பைல் கையில் உள்ளவர் குடித்திருந்தாலும், சண்டை போடாதவரை உள்ளே படுக்கலாம். கதவோரம் நாலு கட்டில் அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். ஒரு மின்சார அடுப்பு, ஒரு மிக்ஸி, ஒரு வடிகட்டி. குழாய் போட்டவர்களுக்குக் கஞ்சி அங்கேயே தயாராகிறது. மிக்ஸியை வாங்கிக் கொடுத்தவர் அந்த டீக்கடைக்காரர்.

ஐயாவுக்கு வாரத்தில் ஐந்து நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கிறார்கள், மொத்தம் முப்பத்தைந்து. வாரம் ஒரு கீமோ. நடுவில் நாள் விடக்கூடாது, விட்டால் கட்டி மறுபடி தலைதூக்கும் என்று நீங்கள் சொன்னதை அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருக்கிறார். உங்களிடம் மறைக்கமாட்டேன், இந்த நான்கு வாரத்தில் இரண்டு நாள் குடித்துவிட்டார். இரண்டு நாளும் மறுநாள் காலை கரண்டுக்கு வந்தார். முதல் தடவை வெட்கப்பட்டுக்கொண்டு வரமாட்டேன் என்றார், நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். இரண்டாம் தடவை எனக்கு முன்னால் எழுந்து ரெடியாக நின்றார். மெஷின் அறைத் தம்பி, வாடை தெரிந்தும், நிதானமாக இருக்கிறாரா என்று மட்டும் டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டு, முகமூடியை மாட்டிப் படுக்க வைத்தார். அந்தத் தம்பிக்கு என் கும்பிடு.

இதுவரை பத்தொன்பது முடிந்திருக்கிறது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு இருபதாவது கரண்டுக்கு அவரைக் கூட்டி வருகிறேன். அவருடைய கேஸ் ஷீட்டில் முகவரிக் கட்டத்தில் 'பிளாட்பாரம்' என்று எழுதியிருக்கிறது. அதை அடித்துவிட்டு எங்கள் காப்பகத்தின் முகவரியை எழுதிக்கொள்ளுங்கள். என் போன் நம்பர் பைலின் முதல் பக்கத்தில் இருக்கிறது. யாராவது ஒருவர் ராத்திரி கட்டிலை விட்டு எழுந்து வாசல் பக்கம் நடந்தால், சிவப்புப் பேனாவை எடுப்பதற்கு முன் அந்த நம்பருக்கு ஒரு போன் போடுங்கள். எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
காப்பகப் பொறுப்பாளர்